அடித்த வரி

மனுவில் ஒரு வரியை அடித்து நீக்கினேன். அது நேர்மையா, மறைப்பா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

பதினோரு வருடம் சிப்பாயாக இருந்த பையன். ராத்திரி டியூட்டியில் வலிப்பு வந்து விழுந்தான். மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்று போட்டு வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. ஆனால் நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதியதால் டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை. முதல் மேல்முறையீடும் தள்ளுபடி. ராணுவத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதுவது, சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்த என் வேலை.

இதில் எங்களுக்குக் கைகொடுப்பது தரம்வீர் சிங் தீர்ப்பு. அவர் 1985-இல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். அவருக்கும் வலிப்புதான், அதே 20 சதவீதம்தான். சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மறுத்து நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனுவைப் படித்துக் காட்டினேன். "சிறு வயதிலிருந்தே ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை" என்ற வரிக்கு வந்ததும் பையனின் அம்மா கையை நீட்டினார்.

"மூணு வயசுல ஜுரத்துல ஒரு தடவை கை கால் இழுத்துச்சு தம்பி. பீரோ சாவியை உள்ளங்கையில வெச்சு அழுத்துனேன், நின்னுருச்சு. அவனுக்கே தெரியாது."

"அதை யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றேன். வரியை அடித்தேன்.

பொய் எழுதவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். காய்ச்சலில் வரும் வலிப்பு வேறு. அப்படி வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னால் வலிப்பு நோய் வருவதில்லை. அப்புறம் யோசித்தால், அதை முடிவு செய்ய நான் டாக்டரா? அவ்வளவு உறுதி இருந்தால் சீனியரிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நரம்பு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கியிருப்பார். மனு இன்னும் பலமாகக்கூட இருந்திருக்கும். வழக்கே கவிழ்ந்தும் இருக்கலாம். பதினோரு வருடம் உழைத்தவனை அந்த ஒரு காய்ச்சலுக்காக வெறுங்கையோடு விட எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வராது.

உத்தரவு சாதகமாகவே வந்தது. போனில் சொன்னபோது அந்த அம்மா அழுதார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா அவனுக்கு இது வந்திருக்காதா தம்பி? அதனாலதான் சொல்லக் கூடாதுன்னீங்களா?"

இல்லைம்மா என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.