சூரை எங்கிருந்து வந்தது?

வலை போடாமல், வெறும் தண்ணீரை மொண்டு வந்து மீன் கணக்குச் சொல்கிறோம் என்றால் கடற்கரையில் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் விஷயம் உண்மை. மீன் போகிற இடமெல்லாம் செதில், வழவழப்பு, கழிவு என்று எதையாவது விட்டுச் செல்கிறது. அதில் அதன் டி.என்.ஏ. இருக்கிறது. தண்ணீரை நுண்துளை ஃபில்டரில் வடிகட்டி, அதில் தங்கும் டி.என்.ஏ.வில் மீனை அடையாளம் காட்டும் சிறு துண்டைப் பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படித்தால் இனப் பட்டியல் கிடைத்துவிடும். ஜப்பானின் மாசாகி மியா குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒகினாவா மீன்காட்சியகத் தொட்டிகளில் இருந்தவற்றில், ஒப்பிட டி.என்.ஏ. தரவு இருந்த 180 இனங்களில் 168 இப்படிச் சிக்கின.

தொட்டி வேறு, பாக் விரிகுடா வேறு. இங்கே ஆழம் குறைவு. வாடைக்காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் இறங்குவதற்குள் ஃபில்டர் பழுப்பேறி அடைத்துக்கொள்ளும், பம்ப் முனகும். புதுத் தாள், புதுக் கையுறை, பிளீச்சில் கழுவிய இடுக்கி என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கூடவே சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் அதே படகில் அதே மாதிரி வடிகட்டுவோம். அதில் மீன் தெரிந்தால் அன்றைய வேலை சந்தேகத்துக்கு உரியது. இதனால் படகில் மீன் குழம்புக்குத் தடை. படகோட்டி அண்ணனுக்கு என்மேல் உள்ள ஒரே வருத்தம் அதுதான்.

ஒருமுறை மீன் இறங்குதளம் பக்கம் எடுத்த மாதிரியில் சூரை (டூனா) பளிச்சென்று வந்தது. சுத்தமான தண்ணீரில் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் கோளாறு இல்லை. கரையோரச் சேற்றுத் தண்ணீரில் ஆழ்கடல் மீன் எப்படி? அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன்.

“தம்பி, வெளியூர்ச் சூரை ஐஸ் பெட்டியில லாரியில வருது. பெட்டி கழுவுற தண்ணி எங்க போவுதுன்னு நினைக்கிற?”

டி.என்.ஏ.வுக்கு உயிருள்ள மீன், செத்த மீன் என்ற பேதம் கிடையாது. அப்புறம் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வேறு அதை இழுத்துப் போகும். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலும் அண்ணன் பார்க்காமல் அறிக்கைக்குப் போவதில்லை. கடற்புல் பக்கம் ஓரா மீன் வந்தால் சரி என்று தலையாட்டுவார். காரல் மீனில்தான் சண்டை. அவர் பார்த்த மாத்திரத்தில் வகை வகையாகப் பெயர் சொல்வார். எங்கள் பட்டியலோ சில நேரம் ‘காரல் குடும்பம்’ என்பதோடு நின்றுவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் அந்த இனத்தின் டி.என்.ஏ. வரிசை இல்லாவிட்டால், கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பெயர் வராது.

சரி, நாமே சேர்ப்போம் என்று இறங்கினோம். விடியற்காலை ஏலத்தில் முழு மீனாக வாங்கி, படம் எடுத்து, துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி எத்தனாலில் போட்டு, மீதி உடலை எண் கட்டிப் பாதுகாக்கிறோம். எனக்கு இந்த வேலையே பிடித்திருக்கிறது. ஏலத்தில் ரசீது கொடுக்க மாட்டார்கள். அதைக் கணக்குப் பிரிவுக்குப் புரியவைப்பதுதான் பாக்கி.