வலைப்பந்துப் பிள்ளைகளோடு நிற்கப் போகும் அக்காவுக்கு

உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும்போது பழைய பாடசாலையின் பொறுப்பாசிரியை கூப்பிட்டுச் சொல்லுவார்: "பிள்ளை, பின்னேரத்தில வந்து ரீமோட ஒருக்கா நில்லுமன்." யாழ்ப்பாணத்தில் உதவிப் பயிற்றுவிப்பாளர் வேலை பெரும்பாலும் இப்படித்தான் கைக்கு வருகிறது. நியமனக் கடிதம் இராது. பழைய மாணவிகள் சங்கம் பஸ் காசு தந்தால் நல்லது. பிள்ளைகள் உங்களை மிஸ் என்று கூப்பிடமாட்டார்கள், அக்கா என்பார்கள். அது பெரிய பலம். ரீச்சரிடம் சொல்லாத முழங்கால் நோவை அக்காவிடம் சொல்லுவார்கள்.

நன்றாக விளையாடியவருக்கே முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். உடம்புக்குத் தெரிந்தது வாயில் வராது. "இப்படிப் போடு" என்று பத்துத் தடவை போட்டுக் காட்டினாலும் பிள்ளைக்கு விளங்காது. அதனால் முதலில் நடுவருக்கான விதிகளைப் படியுங்கள், பயிற்சி ஆட்டங்களில் விசிலை நீங்களே ஊதுங்கள். கால் விதியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலில் இறங்கிப் பந்தைப் பிடித்தவள் மற்றக் காலை வைக்கலாம். இறங்கிய காலைத் தூக்கவும் செய்யலாம், ஆனால் அது திரும்ப நிலத்தில் படுமுன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். "ஸ்ரெப்" என்று கத்துவதைவிட, எந்தக் கால் முதலில் பட்டது என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். இரண்டு கிழமையில் திருந்தும்.

அடுத்தது எறிதல். வலைப்பந்தில் பின்பலகை இல்லை. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், உள்விட்டம் 380 மில்லிமீற்றர். ஐந்தாம் இலக்கப் பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 700 மில்லிமீற்றர், அதாவது விட்டம் 223 அளவில் வரும். பந்து சரிவாக இறங்க இறங்க, அதற்குத் தெரியும் வளையம் ஒடுங்குகிறது. 60 பாகையில் இறங்கினால் வாசல் 329 மில்லிமீற்றர், 45 பாகையில் 269. 36 பாகைக்குக் கீழே போனால் விளிம்பில் முட்டாமல் பந்து உள்ளே போக இடமே இல்லை. குட்டையான பிள்ளை நெஞ்சிலிருந்து தள்ளி எறியும்போது நடப்பது இதுதான். பிள்ளைக்குக் குறி பிழையில்லை, பந்துக்குத்தான் உயரம் காணாது. பந்தை நெற்றிக்கு மேலே தூக்கி, முழங்கையை வளையத்துக்கு நேரே வைத்து, முழங்காலை மடித்து எழும்பும்போது விரல் நுனியால் விடச் சொல்லுங்கள். தூரத்தில் தொடங்க வேண்டாம். கம்பத்திலிருந்து ஒரு மீற்றரில் 20, இரண்டு மீற்றரில் 20. முதல் 20இல் 17 விழாதவரை பின்னுக்குப் போக விடாதீர்கள். களைத்த பிறகும் ஒரு சுற்று எறிய வேண்டும், ஏனென்றால் நான்காவது கால்வேளையில் எறிவது களைத்த கைதான்.

இலங்கை வலைப்பந்து அணிக்கு விளையாடிய தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரம். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவர் அவர். எங்கள் மண்ணின் பிள்ளை. அதனாலேயோ என்னவோ, இங்கே ரீம் எடுக்கும்போது கண் முதலில் உயரமான பிள்ளையைத் தேடுகிறது. தேடட்டும். ஆனால் உயரத்துக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த சென்ரரும் (நடு ஆட்டக்காரி) டபிள்யூ.ஏ.யும் (விங் அற்றாக், பக்கத் தாக்குதல் ஆட்டக்காரி) இல்லாவிட்டால் அந்த உயரம் வீண். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பந்தைத் தட்டையாக விட்டால், கொடுப்பவளிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்கும் தடுப்பாளியின் கையில் போய் விழும். எறிபவளோடு நிற்கும் தடுப்பாளி எந்தப் பக்கம் நிற்கிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம், அவள் கைக்கு மேலால் போய், எறிபவளின் நீட்டிய கையில் இறங்க வேண்டும். எந்தக் கையென்று எறிபவள்தான் காட்ட வேண்டும். கம்பத்தைச் சுற்றிய 4.9 மீற்றர் அரைவட்டத்தின் விளிம்பில் இடம், வலம், நடு என மூன்று இடங்களில் இருந்து இருபது இருபதாகக் கொடுக்க வைத்து, பிடிபட்டதை மட்டும் எண்ணுங்கள். எங்கள் ரீம்களில் இடப்பக்க எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாக வரும். வலக்கைப் பிள்ளைகளுக்கு அந்தக் கோணம் பழக்கமில்லை.

முழங்காலை அலட்சியம் செய்ய வேண்டாம். வலைப்பந்தில் முழங்கால் இணையம் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிவது பல நேரம் யாரும் மோதாமலேதான். ஓடிவந்து, பாய்ந்து பிடித்து, முழங்காலை நிமிர்த்தியபடி ஒற்றைக் காலில் சடுதியாக நிற்கும்போது, அல்லது முழங்கால் உள்ளுக்குச் சரியும்போது நடக்கிறது. 30 சென்ரிமீற்றர் உயரப் படியிலிருந்து குதித்து, மெத்தென்று இறங்கி, மூன்று செக்கன் அசையாமல் நிற்கும் பயிற்சி ஆறு தடவை, இரண்டு சுற்று, கிழமையில் இரண்டு நாள் போதும். முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால் பெருவிரலின் பக்கம் சரியாமல் பாதத்தின் நடுவுக்கு நேரே நிற்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண் காய்ந்தால் மேலே தூசி படிந்து வழுக்கும், மாரியில் சப்பாத்தில் ஒட்டிக் கனக்கும். தொடங்குமுன் தண்ணீர் தெளித்துக் கூட்டுவதும் உங்கள் வேலைதான். பந்தின் காற்றும் அப்படியே. 11 முதல் 12 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடித்தால் வளையத்தில் பட்டுத் துள்ளிப் போகும்.

நேரம் இன்னொரு சங்கடம். ஐந்து மணிக்கு ரியூசன். பங்குனி, சித்திரையில் மூன்று மணி வெயிலில் ஓட்டம் வைக்க முடியாது. முதல் 25 நிமிடத்தை மரநிழலில் இறங்கும் பயிற்சிக்கும் கையால் பந்து மாற்றிப் பழகுவதற்கும் கொடுத்து, எறிதலையும் ஆட்டத்தையும் நான்கு மணிக்குப் பிறகு வைத்தால் சமாளிக்கலாம். தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை.

போட்டியன்று உங்கள் கையில் பென்சிலும் ஒரு தாளும் இருக்கட்டும். எங்கள் சென்ரர் பாஸ் (நடுவட்டத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் பாஸ்) எத்தனை, அதில் கோலாக முடிந்தது எத்தனை, முடியாதது களத்தின் எந்த மூன்றிலொரு பகுதியில் தொலைந்தது. இவ்வளவுதான். 15 பாஸில் 8 மட்டும் கோலாகி, தொலைந்த 7இல் 5 நடுப்பகுதியில் என்றால், எறிபவளைத் திட்டுவதில் பயனில்லை. பந்து அவளிடம் போகவேயில்லை. இடைவேளையில் ரீச்சரின் காதில் அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் ரீச்சர் கதைக்கட்டும், நீங்கள் தண்ணீர்ப் போத்தலைக் கொடுங்கள்.