ஜெப நூல் ஓவியக் கேள்வி: தேர்வுக்கு நான் படித்த முறை

கலை வரலாறு முதுகலையில் ஐரோப்பிய இடைக்காலத் தாளை எழுதுகிறவர்கள் மிகவும் அஞ்சுவது ஒரு கேள்விக்குத்தான். பெயர் குறிப்பிடாத ஜெப நூல் (Book of Hours: நாளின் வேளைகளுக்கான ஜெபங்களைக் கையால் எழுதி ஓவியம் தீட்டிய கிறித்தவச் சுவடி) பக்கம் ஒன்றைத் தந்து, 'எங்கே, எப்போது உருவானது? காரணம் கூறுக' என்பார்கள். புகழ்பெற்ற படங்களை மனப்பாடம் செய்து இதைச் சமாளிக்க முடியாது. ஜெப நூலின் அமைப்பைப் படியுங்கள். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது அதுதான்.

அந்த நூலில் வரும் மரியன்னை ஜெபம் நாளின் எட்டு வேளைகளாகப் பிரிந்திருக்கும். வேளைக்கொரு படம்: கபிரியேல் தூது, எலிசபெத்தைச் சந்தித்தல், இயேசுவின் பிறப்பு, இடையர்களுக்கு அறிவிப்பு, மூன்று ஞானிகள், ஆலயக் காணிக்கை, எகிப்துப் பயணம், மரியாவின் முடிசூட்டு. செபமாலை சொல்லிப் பழகியவர்களுக்கு இவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். தாவீது அரசர் மண்டியிட்டு வேண்டினால், அது பெரும்பாலும் ஏழு தவத் திருப்பாடல்களின் (பாவ மன்னிப்பு வேண்டும் விவிலியப் பாடல்கள்) தொடக்கம்.

ஊரைக் கண்டுபிடிக்க நாள்காட்டிப் பக்கமே சிறந்த சாட்சி. முக்கியத் திருநாள்களைச் சிவப்பு மையிலோ பொன்னிலோ எழுதினார்கள். ஜனவரி 3-இல் பாரிஸின் காவல் புனிதரான ஜெனவியேவின் பெயர் அப்படி மின்னினால் பாரிஸை நினையுங்கள். டிசம்பர் 29-இல் கான்டர்பரி பேராயராக இருந்த புனித தாமஸ் பெக்கெட்டின் பெயர் சுரண்டப்பட்டிருந்தால், அந்த நூல் இங்கிலாந்தில் புழங்கியது என்று துணிந்து எழுதலாம். 1538-இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி அவர் பெயரை ஜெப நூல்களிலிருந்து நீக்க ஆணையிட்டார். தோல்தாளில் கத்தி பட்ட அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

காலத்தைச் சொல்வது பக்கத்தின் ஓர அலங்காரம். 1400-ஐ ஒட்டிய பாரிஸ் நூல்களில் மெல்லிய கொடிகளும் பொன் ஐவி இலைகளும் படரும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் (Ghent), புரூஜ் நகர்களில், வண்ணப் பின்னணிமேல் உதிர்ந்து கிடப்பதுபோன்ற பூக்களும் பூச்சிகளும் நிழலோடு வரும்.

ஒரே நூலில் பலர் கை இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். பிரான்சின் பெரி கோமகனுக்காக (Duke of Berry) லிம்பர்க் சகோதரர்கள் என்ற ஓவியர்கள் தொடங்கி, 1416-இல் அவர்களும் கோமகனும் இறந்ததால் நின்றுபோன ஜெப நூல் பிரான்சின் சாந்தில்லியில் இருக்கிறது. அதன் செப்டம்பர் பக்கத்தில் மேலே சோமூர் கோட்டை, கீழே திராட்சை அறுவடை. கீழ்ப்பகுதியை 1480-களில் தீட்டி முடித்தவர் ழான் கொலோம்ப் என்ற வேறொரு ஓவியர். கோட்டையின் நுணுக்கத்தையும் உழைப்பாளிகளின் உருவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கை மாறியது கண்ணுக்குப் பிடிபடும்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும்: பதப்படுத்திய கன்றுத்தோல், மெருகேற்றிய பொன் தகடு, ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்லின் நீல நிறமி.

பயிற்சிக்குப் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தையும் நியூயார்க் மோர்கன் நூலகத் தளத்தையும் திறந்துவையுங்கள். பக்கங்களை இலவசமாகப் புரட்டலாம். குறிப்பைப் படிக்கும் முன்பே ஊரையும் காலத்தையும் காரணத்தோடு எழுதிவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.