வற்றாப்பளை வீதி மருதமரம்

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். அதிபரைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் ஒரு மரத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்தவர்களுக்கு எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதன் மறந்திருக்காது. முள்ளியவளையில் தொடங்கி வற்றாப்பளை அம்மன் கோயிலடியில் திரும்பி வரவேண்டும். தூரத்தை அளக்க விளையாட்டுச் சேர் தன் சைக்கிளின் பின் சில்லில் சிவப்புத் துணி கட்டி, கரியரில் ஒருவனை இருத்தி, சில்லு சுற்றுவதை எண்ண வைத்தார். எண்ணியவன் நான். நடுவில் இரண்டு தடவை எண்ணிக்கை பிசகியது, அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

காலபோக அறுவடை நேரம். வீதியில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அதன் ஓரமாக வெறுங்காலோடு கிரவலில் ஓடுவோம். திரும்பி வரும் வழியில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மருதமரம் நின்றது. முதல் வருடம் அந்த மரத்தடியில் விலாவில் குத்துப் பிடித்துச் சத்தியெடுத்து விழுந்தேன், அதுவும் எதிர் இல்லத்துப் பெட்டைகள் தேசிக்காய்த் தண்ணீர் வாளியோடு நின்ற இடத்தில். அடுத்த வருடம் விலாவில் ஒன்றுமில்லை, ஆனால் அதே இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் வருடமும் அப்படித்தான். தூரத்தில் மரத்தின் உச்சி தெரிந்ததும் மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவேன், எண்ணத் தொடங்கினால் கதை முடிந்தது.

சேர் ஏசவில்லை. "டேய், நீ களைச்சு நிக்கேல்லை, பயந்து நிக்கிறாய்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பனிஸ்டரின் கதையைச் சொன்னார். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடவே முடியாது என்று பலர் நம்பியிருந்தார்கள், 4 நிமிடம் 1.4 செக்கன் என்ற சாதனை ஒன்பது வருடமாக அசையவில்லை. 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் ரோஜர் பனிஸ்டர் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். அதற்கு முன் திரும்பத் திரும்ப 4 நிமிடம் 2 செக்கனில் மாட்டிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியரான ஜோன் லாண்டி, 46 நாட்களில் அதையும் முறியடித்தார். அதே வருடம் நூறு பேர் ஓடினார்கள் என்று சேர் ஒரு வாலையும் ஒட்டிவிட்டார், அது பச்சைப் புளுகு. ஆனால் லாண்டியின் கதை உண்மை, எனக்கு அவரைத்தான் பிடித்தது, அவருக்கும் ஒரு மருதமரம் இருந்திருக்கிறது.

அதன்பிறகு விடிய நாலரைக்கே என்னை எழுப்பி இருட்டில் ஓட வைத்தார். அவர் சைக்கிளில் பின்னால் வருவார், வெளிச்சம் கிடையாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை, பற்றரி இல்லை, அவருடைய டைனமோ வீட்டில் வானொலிக்கு வேலை செய்துகொண்டிருந்தது. சில்லின் கிறீச்சுச் சத்தமும் வாய்க்கால் தவளையும் மட்டும்தான். ஒரு நாள் பாடசாலைப் படலையில் கை வைத்த பிறகுதான் "மரம் எங்கை சேர்?" என்று கேட்டேன். "அது எப்பவோ போட்டுதடா" என்றார்.

அந்த முறை பகலிலும் மரத்தைத் தாண்டி ஏழாவதாக வந்தேன். ஏழாவதுக்குக் கிண்ணம் இல்லை. பிறகு வன்னியில் நாங்கள் எல்லோரும் ஓடியது வேறு ஓட்டம், அதை இங்கே எழுதவில்லை.

ரொரன்ரோவில் முதல் வேலையில் மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. அதில் ஆங்கிலத்தில் பேசவேண்டும். மணி அடித்தால் எண்ணுவேன், நான்காவது மணியில் கழிப்பறைப் பக்கம் போய்விடுவேன். இலக்கணம் தெரியாமலில்லை, எழுதச் சொன்னால் எழுதுவேன். ஒரு மாதம் இப்படிப் போன பிறகு, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதே ஒருநாள் உறைத்தது. அன்றிலிருந்து முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன், என்ன சொல்வது என்று யோசிக்க நேரமே கொடுப்பதில்லை. முதல் வாரம் உளறினேன், சரி, உளறினால் என்ன.

இங்கே வந்துதான் டிம் நோக்ஸ் என்ற தென்னாபிரிக்க விஞ்ஞானியைப் பற்றி வாசித்தேன். தசை உண்மையில் முடியும் முன்பே மூளை பிரேக் போடுகிறது என்பது அவர் கருத்து. எல்லா விஞ்ஞானிகளும் அதை ஏற்கவில்லை. ஆனால் தள்ளாடி வருகிறவன் கடைசி நூறு மீற்றரில் எப்படிப் பாய்கிறான் என்று அவர் கேட்கிற கேள்வி சேரின் கேள்விதான்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது விடியற்காலையில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அந்த வீதியில் ஓடினேன். காப்பெற் போட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது மதகைத் தேடிக்கொண்டே வந்தேன், பால் கொண்டுபோன ஒரு ஐயாவை மறித்து மருதமரம் எங்கே என்று கேட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே நான் வந்த பக்கம் கையைக் காட்டினார்.