ஒற்றைக்காலில் நின்ற நடுவர்

இங்கிலாந்தின் டெவனில் பிறந்த கிரிக்கெட் வீரர் டேவிட் ஷெப்பர்ட், 1965-இல் குளோஸ்டர்ஷயர் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே சதமடித்தவர் என்றாலும், 1979 வரை நீடித்த கவுண்டி (உள்நாட்டு மாவட்ட அணி) ஆட்ட வாழ்க்கையில் ஒருமுறைகூட இங்கிலாந்து டெஸ்ட் அணியில் இடம்பெறவில்லை. அவரை உலகறியச் செய்தது நடுவரின் வெள்ளைக் கோட்டுதான். 92 டெஸ்ட் போட்டிகளிலும், 1996, 1999, 2003 உலகக் கோப்பை இறுதியாட்டங்களிலும் நடுவராக நின்றார். ஓட்ட எண்ணிக்கை 111-ஐத் தொட்டால் கெட்ட சகுனம், காலைத் தரையிலிருந்து தூக்கினால் அது விலகும் என்னும் ஆங்கிலேய நம்பிக்கைப்படி, அந்தப் பருத்த உடம்போடு அவர் ஒரு காலைத் தூக்கித் துள்ளுவதைக் காணவே அரங்கம் காத்திருக்கும். 2001-இல் ஓல்ட் டிராஃபோர்டில், பாகிஸ்தான் பந்துவீச்சாளர்களின் சில நோ-பால்கள் (விதிமீறி வீசிய, செல்லாத பந்துகள்) அவர் கண்ணுக்குத் தப்பி இங்கிலாந்தின் விக்கெட்டுகளைப் பறித்தபோது, அவர் மனமுடைந்து பதவி விலகவே எண்ணினார். தன் பிழையை இவ்வளவு நெஞ்சில் சுமந்த நடுவர்கள் அரிது என்பேன். நல்லவேளையாகப் பலரது ஆறுதல் அவரைத் தடுத்தது. 2005 வரை தொடர்ந்தார்.