வீடு கைவிட்டுப் போன தேதி எது? திவாலுக்குப் பிறகு அமெரிக்காவில் மறுபடி வீட்டுக் கடன்

விற்பவரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து, வீட்டு மதிப்பீடான அப்ரைசலுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. மூன்றாவது வாரம் அண்டர்ரைட்டரிடமிருந்து (கடன் கோப்பைச் சரிபார்த்து முடிவு சொல்பவர்) ஒற்றை வரி வந்தது: "ஃபோர்க்ளோஷர் முடிந்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை." (ஃபோர்க்ளோஷர் என்றால் தவணை நின்றதால் வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடுவது.) அப்ரைசல் காசு போனது போனதுதான். கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்ததால் அட்வான்ஸ் மட்டும் தப்பித்தது. முதல் நாளே "எல்லாம் சரியாக இருக்கிறது, தாராளமாக வீடு பாருங்கள்" என்று சொன்ன லோன் ஆபீசர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. திவால் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணிவிட்டார். சாப்டர் 7 திவாலும் (தவணைத் திட்டம் இல்லாமல் கடன்களைத் தள்ளுபடி செய்யும் வகை) ஃபோர்க்ளோஷரும் சேர்ந்து வந்தவர்களுக்கு இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடும். நாம் வீட்டைக் காலி செய்த நாளோ, கடைசித் தவணை கட்டிய நாளோ கணக்கில் வராது.

அந்தக் கோப்பின் தேதிகளை அப்படியே வைத்துப் பார்ப்போம். 2016 நவம்பரில் திவால் மனு தாக்கல், 2017 பிப்ரவரியில் டிஸ்சார்ஜ், அதாவது கடன் தள்ளுபடித் தீர்ப்பு. வீட்டைச் சரண்டர் செய்வதாக (வங்கியிடமே விட்டுவிடுவதாக) மனுவிலேயே எழுதி, சாவியையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் வங்கி அவசரப்படவில்லை. ஏலம் முடிந்து பத்திரம் வங்கியின் பெயருக்கு மாறியது 2018 நவம்பரில்தான். எஃப்.ஹெச்.ஏ கடனுக்கு (கூட்டாட்சி அரசின் வீட்டு வசதி அமைப்பு காப்பீடு தரும் கடன்) சாப்டர் 7 டிஸ்சார்ஜிலிருந்து 2 வருடம், ஃபோர்க்ளோஷரிலிருந்து 3 வருடம் காத்திருக்க வேண்டும். அந்த 3 வருடம் தொடங்குவது வீட்டின் உரிமை நம் பெயரிலிருந்து கைமாறிய தேதியில். முடிவது புதிய கடனுக்கு எஃப்.ஹெச்.ஏ கேஸ் நம்பர் ஒதுக்கப்படும் நாளில் பார்க்கப்படும். 2021 ஜூலையில் போட்ட விண்ணப்பம் நாலு மாதக் குறைவில் அடிபட்டது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதல்ல. பழைய வீடு இருந்த கவுன்டியின் பதிவு அலுவலகத்தில், பெரும்பாலும் அவர்கள் இணையதளத்திலேயே, உங்கள் பெயரைப் போட்டுத் தேடி அந்தப் பத்திரத்தின் நகலை எடுங்கள். டெக்சஸ் மாதிரி நீதிமன்றம் இல்லாமலே ஏலம் நடக்கும் மாநிலத்தில் அது டிரஸ்டீஸ் டீட். நியூ ஜெர்சி மாதிரி வழக்குப் போட்டு ஏலம் விடும் இடத்தில் ஷெரிஃப்ஸ் டீட். கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும் ஃபோர்க்ளோஷர் தேதியை நம்ப வேண்டாம். அது வங்கி தன் கணக்கை மூடிய தேதியாக இருக்கலாம், வழக்கு தொடங்கிய தேதியாகவும் இருக்கலாம்.

இனி யாரும் சொல்லித் தராத விஷயம். எஃப்.ஹெச்.ஏ கைவிட்ட அதே ஜூலையில், அரசுக் காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடனுக்குத் தகுதி இருந்தது. இந்தக் கடன்களைக் கடன் நிறுவனங்களிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி ஃபோர்க்ளோஷருக்கு 7 வருடம், சாப்டர் 7-க்கு 4 வருடம். கேட்ட லோன் ஆபீசர்கள் எல்லாருமே "ஏழு வருஷம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் அந்த வீட்டுக் கடன் திவாலிலேயே தள்ளுபடியாகியிருந்தால், அதற்கான ஆவணத்தைக் கடன் கொடுப்பவர் வாங்கி வைத்துக்கொண்டு, ஃபோர்க்ளோஷருக்குப் பதிலாகத் திவாலின் 4 வருடக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்று அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. 2017 பிப்ரவரி டிஸ்சார்ஜ் என்றால் 2021 பிப்ரவரியிலேயே காலம் முடிந்துவிட்டது.

கோப்பைச் சோதிக்கும் கணினி முதலில் "தகுதி இல்லை" என்றுதான் துப்பும், ஏனென்றால் அது ரிப்போர்ட்டில் ஃபோர்க்ளோஷரைப் பார்க்கிறது. அந்தத் தகவலை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டும்படி குறிப்புப் போட கடன் கொடுப்பவருக்கு வழி உண்டு. அது தெரிந்த ஆள் கிடைக்கும்வரை அலைய வேண்டும். நாலாவதாகக் கேட்ட புரோக்கருக்குத் தெரிந்திருந்தது. 5 சதவீதம் முன்பணத்தில் கடன் அமைந்தது. எஃப்.ஹெச்.ஏ-வில் 3.5 சதவீதம் போட்டிருந்தால் அந்தக் கடனுக்கான மாதாந்திர இன்ஷூரன்ஸ் கடன் முடியும்வரை கூடவே வரும். கன்வென்ஷனலில் பாக்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நாலு மாதம் காத்திருந்து எஃப்.ஹெச்.ஏ-வுக்கே போயிருந்தால் நஷ்டம்தான்.

இதற்கு டிஸ்சார்ஜ் உத்தரவு மட்டும் போதாது. அது ஒரு பக்கத் தாள். எந்தக் கடன் தள்ளுபடி என்று அதில் பெயர் போட்டு இருக்காது. மனுவின் எல்லா ஷெட்யூல்களும் (சொத்து, கடன் பட்டியல்கள்) வேண்டும். முக்கியமாக அடமானக் கடன்கள் வரும் ஷெட்யூல் டி, வீட்டைச் சரண்டர் செய்வதாகச் சொன்ன படிவம், பிறகு டிஸ்சார்ஜ். இந்த மூன்றோடு கவுன்டிப் பத்திரமும் சேர்ந்தால்தான் கோப்பு முழுமை. பழைய வக்கீல் அலுவலகத்தில் கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்பார்கள், வாரம் ஓடும். பேசர் என்ற கூட்டாட்சி நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே கணக்குத் திறந்து இறக்கிக்கொள்ளலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது.

வீட்டைச் சரண்டர் செய்தோம், கதை முடிந்தது என்று நினைப்பதில் இன்னொரு குழி இருக்கிறது. பத்திரம் கைமாறும்வரை நீங்கள்தான் உரிமையாளர். திவால் மனு போட்ட நாளுக்குப் பிறகு விழும் ஹெச்.ஓ.ஏ (வீட்டு உரிமையாளர் சங்க) சந்தா திவாலில் தள்ளுபடி ஆகாது. வங்கி இரண்டு வருடம் தூங்கினால் அந்த இரண்டு வருடச் சந்தாவும் உங்கள் தலையில். கட்டாவிட்டால் அது கலெக்‌ஷனுக்குப் போய், திவாலுக்குப் "பிறகு" வந்த புதுக் கறையாக ரிப்போர்ட்டில் உட்காரும். அண்டர்ரைட்டர் பழைய சரிவை மன்னிப்பார். அதற்கப்புறம் ஒரு தவணை தாமதமானால்கூட முகம் மாறிவிடும். காலி வீடாக இருந்தாலும் அசோசியேஷனுக்குப் புது முகவரி கொடுத்து, மாதாமாதம் கட்டிவிடுவது மலிவு.

வரி விஷயமும் இதே ரகம். தள்ளுபடியான கடனை வருமானமாகக் காட்டி 1099-சி படிவம் வரலாம். திவாலில் தள்ளுபடியான தொகை வருமானம் ஆகாது. ஆனால் அதைச் சொல்ல அந்த வருட ரிட்டர்னோடு 982 படிவம் இணைக்க வேண்டும். விட்டுவிட்டால் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-இன் கடிதம் பின்னால் வரும், கடன் கொடுப்பவர் வரி விவரங்களை எடுக்கும்போது பாக்கி என்று தெரியும்.

பழைய கடன் எஃப்.ஹெச்.ஏ காப்பீட்டில் இருந்திருந்தால், அல்லது அரசு மாணவர் கடன் பாக்கி நின்றிருந்தால், கைவர்ஸ் என்ற மத்திய அரசுப் பட்டியலில் பெயர் இருக்கலாம். நீங்களாகப் பார்க்க முடியாது. கடன் கொடுப்பவரை முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள், அப்ரைசலுக்குக் காசு கட்டும் முன்பே.

சரி, ஸ்கோர். இலவச ஆப்பில் 690 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு, கடன் கொடுப்பவர் எடுத்தபோது 630 என்று வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. ஆப்கள் பல காட்டுவது வான்டேஜ் ஸ்கோர். வீட்டுக் கடனுக்கு வழக்கமாக எடுப்பது ஃபைகோ என்ற வேறு ஸ்கோரின் பழைய பதிப்புகள், மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்களிலும் ஒவ்வொன்று: எக்ஸ்பீரியனில் பதிப்பு 2, டிரான்ஸ்யூனியனில் 4, ஈக்விஃபாக்ஸில் 5. மூன்றில் நடுவில் இருப்பதுதான் உங்கள் எண். ஃபைகோ நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் காசு கட்டினால் இந்த மூன்றையும் பார்க்கலாம், ஒரு மாதத்துக்குக் கட்டிவிட்டு நிறுத்திவிடலாம். எஃப்.ஹெச்.ஏ விதியில் 3.5 சதவீத முன்பணத்துக்கு 580 போதும், 500 முதல் 579 வரை 10 சதவீதம். ஆனால் 620, 640 என்று தாங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய. "எஃப்.ஹெச்.ஏ விதி இது" என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம், அது அவர்கள் வீட்டு விதி. அடுத்த கடைக்குப் போங்கள். 14 நாளுக்குள் எத்தனை இடத்தில் வீட்டுக் கடனுக்குக் கேட்டாலும் ஸ்கோர் கணக்கில் ஒரே விசாரணைதான்.

ஸ்கோரைத் திரும்பக் கட்டுவது சலிப்பான வேலை, கஷ்டமான வேலை இல்லை. 200, 300 டாலர் டெபாசிட் போட்டு இரண்டு செக்யூர்டு கார்டு. திவாலில் நீங்கள் நாமம் போட்ட வங்கியில் கேட்காதீர்கள், கிரெடிட் யூனியனில் கேளுங்கள். 300 டாலர் வரம்பில் பெட்ரோலுக்கு 25 டாலர் மட்டும். இங்கே பலர் சறுக்குவது, கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டியும் ஸ்கோர் ஏறாமல் இருப்பதில். ரிப்போர்ட்டுக்குப் போவது ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் பாக்கி. 280 டாலர் செலவழித்து, ஸ்டேட்மென்ட் வந்த பிறகு கட்டினால், வரம்பு கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பியதாகவே பதிவாகும். ஸ்டேட்மென்டுக்கு மூன்று நாள் முன்பே கட்டுங்கள்.

ரிப்போர்ட் சுத்தம் செய்வதை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் தளத்தில் மூன்று நிறுவனத்து ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசம். திவாலில் சேர்ந்த ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்றிருக்க வேண்டும். "சார்ஜ் ஆஃப், பாக்கி 6,400" என்று (சார்ஜ் ஆஃப் என்றால் வராக்கடனாக எழுதியது) இன்னும் நின்றால் டிஸ்சார்ஜ் நகலும் ஷெட்யூல் பக்கமும் வைத்து மறுப்பு அனுப்புங்கள். பொதுவாக 30 நாளில் அவர்கள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மறுப்பை விண்ணப்பம் போட்ட பிறகு அனுப்பினால் அதுவே வினை. மறுப்பில் இருக்கும் மோசமான கணக்குகளின் மொத்தம் 1,000 டாலரைத் தொட்டால், மருத்துவக் கணக்குகள் நீங்கலாக, எஃப்.ஹெச்.ஏ கோப்பு கணினி ஒப்புதலை இழந்து மனித அண்டர்ரைட்டரிடம் போகும். அங்கே வருமானத்தோடு ஒப்பிடும் கடன் விகிதம் கறாராகிவிடும். மறுப்பை விலக்கச் சொல்வார்கள், விலக்கினால் ஸ்கோர் இறங்கலாம். முன்கூட்டியே காசு வாங்கிக்கொண்டு "திவாலையே அழித்துத் தருகிறேன்" என்பவர்கள் செய்வது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் மறுப்பு அனுப்புவதுதான். வேலை முடியும் முன் அவர்கள் காசு வாங்குவதே சட்டப்படி தப்பு. கடன் நிறுவனம் மூலமாக நடக்கும் ரேபிட் ரீஸ்கோர் வேறு விஷயம், சில நாளில் திருத்தம் ஏறிவிடும்.

நம் ஆட்கள் மாட்டும் இடங்கள் சில. வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, 12 மாத வாடகைச் சான்று கேட்கும்போது முழிப்பது. திவாலுக்குப் பிறகு ஒழுங்காக இருந்ததற்கு வாடகைதான் பெரிய சாட்சி. அறையைப் பகிர்ந்தால்கூட உங்கள் பங்கை உங்கள் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். அடுத்தது, ஊரிலிருந்து அப்பா அனுப்பும் முன்பணம். எஃப்.ஹெச்.ஏ-வில் முன்பணம் முழுவதும் குடும்பத்தார் பரிசாக இருக்கலாம். ஆனால் பரிசுக் கடிதம், அவர் வங்கி ஸ்டேட்மென்ட், பணம் வந்த தடம், ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு எல்லாம் வேண்டும். சித்தப்பா கணக்கு வழியாகச் சுற்றி வந்தால் சித்தப்பாவுக்கும் விளக்கம் எழுத வேண்டும். சீட்டு எடுத்த ரொக்கத்தைக் கணக்கில் போட்டால் அதற்குக் காகிதமே கிடையாது.

கடனில் மனைவி பெயர் இல்லாவிட்டாலும், டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எஃப்.ஹெச்.ஏ அவர் கடன்களையும் உங்கள் கணக்கில் சேர்க்கும். ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கு 2025 மே 25 முதல் எஃப்.ஹெச்.ஏ கதவே மூடிவிட்டது, நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) வேண்டும். அவர்களுக்கு மேலே சொன்ன கன்வென்ஷனல் வழிதான்.

விளக்கக் கடிதம் அரைப் பக்கம் போதும்: எந்த மாதம் வேலை போனது, எப்போது வருமானம் திரும்பியது, அதற்குப் பிறகு தாமதம் உண்டா இல்லையா. புலம்பல் வேண்டாம். விவாகரத்தும், வேலை மாற்றலால் வீட்டை விற்க முடியாமல் போனதும் எஃப்.ஹெச்.ஏ பார்வையில் தவிர்க்க முடியாத சூழ்நிலை ஆகாது என்பதால், அதைச் சொல்லிக் காத்திருப்பைக் குறைக்கப் பார்ப்பது வீண்.

குளோசிங், அதாவது வீடு கைக்கு வரும் கடைசிக் கையெழுத்து, ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முந்தின வாரம் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், சோபாவுக்குக் கடை கார்டு வாங்க அது நேரமில்லை. திவால் ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தூக்கிப் போட வேண்டாம். சாப்டர் 7 மனு போட்ட நாளிலிருந்து 10 வருடம் ரிப்போர்ட்டில் நிற்கும், நடுவில் ரீஃபைனான்ஸ் கேட்டால் புது ஆள் ஒருவர் உட்கார்ந்து, அதே ஷெட்யூல் டி-யை மறுபடி கேட்பார்.