நெடும் பயணத்துக்குப் பிறகு வேலையில் முதல் வாரம்

நீண்ட பயணம் முடித்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் பலரும் வந்ததும் வராததுமாக மெயிலைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, நாம் இல்லாத நாட்களில் நம் வேலையைச் சேர்த்துப் பார்த்தவரை. அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எதெல்லாம் முடிவாகிவிட்டது, யாருக்கு எந்தத் தேதி சொல்லியிருக்கிறது, எது நமக்காக நிற்கிறது. இதில் தேதி விஷயம்தான் முக்கியம். போனில் வாய்வார்த்தையாகச் சொன்ன தேதி எந்த மெயிலிலும் இருக்காது. எதிராளி கேட்டு வரும்போதுதான் தெரியும்.

அவர் எடுத்த சில முடிவுகள் நமக்குப் பிடிக்காமல் போகலாம். பெரிய சேதம் இல்லையென்றால் முதல் வாரத்தில் அவற்றில் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அன்றைய நெருக்கடி என்னவென்று தெரியாமல் மாற்றினால் வேலை குழம்பும். அடுத்த முறை பொறுப்பேற்கவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

பிறகு மெயில். பழையதில் தொடங்கி வரிசையாகப் படித்து வந்தால் பொழுது போய்விடும். ஒரே தலைப்பில் 14 மெயில்கள் ஓடியிருக்கும்; 2ஆவதில் ஒரு கேள்வி, 9ஆவதில் அதற்கு விடை. 2ஆவதைப் படித்த கையோடு பதில் போட்டால் முடிந்த பேச்சு மறுபடி கிளம்பும், எல்லோரும் திரும்ப விளக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு தொடரிலும் கடைசி மெயிலை முதலில் படியுங்கள். நமக்கே நேராக வந்தவற்றையும் நகலாக மட்டும் வந்தவற்றையும் பிரித்துவிடுங்கள். முடிந்துபோன கூட்டங்களின் அழைப்புகளையும் தானாக வரும் அறிவிப்புகளையும் மொத்தமாக நீக்கலாம். முதல் சுற்றில் குறி வைப்பது மட்டும். பதில் எழுதுவது அடுத்த சுற்றில். விடுப்பில் இருப்பதைச் சொல்லும் தானியங்கிப் பதிலில், திரும்பும் நாளுக்கு மறுநாளைக் குறிப்பிட்டிருந்தால் இதற்கெல்லாம் ஒரு முழு நாள் கிடைக்கும்.

வாரக்கணக்கில் அணைத்து வைத்த லாப்டாப் உடனே வேலைக்கு ஆகாது. அப்டேட்கள் வரிசையில் நிற்கும், பாஸ்வேர்ட் காலாவதியாகியிருக்கும். புதிய பாஸ்வேர்ட் வைத்ததும் போனில் இருக்கும் அலுவலக மெயிலிலும் அதை மாற்றுங்கள். மறந்தால் போன் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். தவறான முயற்சிகள் அளவு மீறியதும் கணக்கு பூட்டிக்கொள்ளும். காரணம் பக்கத்தில் கிடக்கும் போன்தான் என்பது பலருக்கு எட்டுவதேயில்லை.

பல நேர மண்டலங்களைக் கடந்து வந்திருந்தால் உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடல் கடிகாரம் சரியாக, மண்டலத்துக்கு ஒரு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் கிழக்கு நோக்கி வந்தவர்களுக்குச் சிரமம் அதிகம்: இரவில் தூக்கம் வராது, காலையில் மந்தமாக இருக்கும். அவர்கள் கணக்குப் பார்க்கிற, கையெழுத்துப் போடுகிற வேலைகளைப் பிற்பகலுக்குத் தள்ளுவது நல்லது. மேற்கு நோக்கி வந்தவர்கள் விடியுமுன் விழித்து மாலையில் சோர்வார்கள். அவர்களுக்குக் காலை நேரம் ஏற்றது. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். உள்ளே போன கஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும்.

பயணச் செலவுக் கணக்கை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ரசீதுகள் பலவும் வெப்பத்தால் எழுத்து விழும் தாளில் அச்சானவை. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கும். செலோடேப் ஒட்டினால் அதன் பசைக்கும் மறையலாம். லேமினேட் செய்தால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். முதல் நாளே படம் எடுத்து, தேதி, தொகை, அன்றைய நாணய மாற்று விகிதம், எந்த வேலைக்கான செலவு என்பதை எழுதி வையுங்கள். அசல்களைச் சாதாரணக் காகித உறையில் போட்டு, இருட்டான மேஜை அறைக்குள் வைத்தால் போதும்.